தோற்ற ஊரின் நம்பிக்கை

ஜனவரி 20, திங்கள்

தொண்ணூற்றாறு! நூற்றுக்குத் தொண்ணூற்றாறு!

இந்த டைரியில் நான் ஆச்சரியக்குறி போடுவதில்லை. என் வாழ்க்கையில் அதற்கு வேலை இருந்ததில்லை. இன்று ஒரே வரியில் இரண்டு போட்டாயிற்று. இன்னும் போடுவேன் போலிருக்கிறது.

பின்னாளில் யாராவது என் வாழ்க்கை வரலாற்றை எழுத நேர்ந்தால் அவர் திண்டாடக் கூடாது. அதனால் விவரத்தைச் சொல்லிவைக்கிறேன். என் பெயர் ஆவுடையப்பன். திருநெல்வேலியில் அரசியல் அறிவியல் இணைப் பேராசிரியர். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் பேராசிரியர் ஆகிவிட்டார்கள். அவர்கள் பெயர்களை இங்கே எழுதித் தாளை அழுக்காக்க விரும்பவில்லை. என் ஆராய்ச்சி ஒரே கேள்வி. உச்ச நீதிமன்றத்திடம் பட்டாளம் இல்லை, கஜானா இல்லை. ஆனாலும் அது ஒன்றைச் சொன்னால் நாடு ஏன் கேட்கிறது? கோர்ட் மேல் ஜனங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

இதே கேள்வியை விடுதி அறையில் என்னோடு ஐந்து வருஷம் பேசியவன் ஞானதாஸ், நாகர்கோவில்காரன். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஒரு கள ஆய்வுக்குத் திட்டம் போட்டோம். அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. திட்டத்தையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்த் தனியாகப் புத்தகம் போட்டான். முன்னுரையில் எனக்கு ஒரு வரி நன்றி. தட்டச்சு செய்தவருக்கு இரண்டு வரி.

அந்தப் புத்தகத்தில் அவன் சொன்ன கொள்கைக்கு ‘நம்பிக்கைக் கிணறு’ என்று பெயர். கோர்ட் மேல் ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கை கிணற்று ஊற்றைப் போலவாம். பிடிக்காத தீர்ப்பு ஒன்று வந்தால் ஒரு வாளி இறைத்தது போல. மறுநாள் தானே ஊறிவிடுமாம். இந்தக் கிணற்றை வைத்துக்கொண்டு பதினான்கு வருஷமாக விமானத்தில் பறந்துகொண்டிருக்கிறான்.

அதை மூடத்தான் இந்த ஆய்வு. இங்கே பக்கத்தில் புளியங்கரை, வாகைமேடு என்று இரண்டு ஊர்கள். ஒரு பெரிய குளத்துத் தண்ணீருக்காக ஒரு தலைமுறையாக வழக்கு. போன ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: புளியங்கரை எல்லையில் இருக்கும் மதகைப் பயிர்க்காலம் முழுவதும் வாகைமேட்டுக்கு முழுதாகத் திறந்து வைக்க வேண்டும். ஆக, வாகைமேடு ஜெயித்தது, புளியங்கரை தோற்றது. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே குளம், ஒரே தீர்ப்பு. இதைவிட நல்ல ஆய்வுக்களம் உலகத்தில் கிடையாது. ஜெயித்தவன் கோர்ட்டை நம்புவான், தோற்றவன் நம்பமாட்டான், கிணறு வற்றும், ஞானதாஸ் தொலைவான். எம்.ஏ. மாணவர்களைக் கேள்வித்தாளோடு வீடு வீடாக அனுப்பினேன்.

இன்று கணக்கு வந்தது. தோற்ற புளியங்கரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் உச்ச நீதிமன்றத்தை ‘முழுமையாக நம்புகிறோம்’ என்கிறார்கள். இது ஞானதாஸுக்கு அல்லவா சாதகம்! பிறகு வாகைமேட்டைப் பார்த்தேன். ஜெயித்த ஊர். அங்கே நாற்பத்தொன்று!

தோற்றவன் நம்புகிறான், ஜெயித்தவன் நம்பவில்லை! எந்தக் கிணறும் இதை விளக்க முடியாது. கணினி அறையில் யாரும் இல்லாததால் கொஞ்சம் ஆடினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

என் கொள்கைக்குப் பெயர் வைத்துவிட்டேன்: ‘தோற்றவர் பற்று’. குளிக்கும்போது வந்தது. ஈரத்தோடு வந்து எழுதிவைத்தேன்.

ஜனவரி 23, வியாழன்

பிப்ரவரி எட்டாம் தேதி சென்னை மாநாட்டில் என் கட்டுரைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அமர்வுக்குத் தலைவர் யார்? ஞானதாஸ்! அவனே என்னை மேடைக்கு அழைத்து, அவனே மைக்கைச் சரிசெய்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து தன் கிணற்றுக்கு மண் விழுவதைப் பார்க்க வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. இன்று நெல்லையப்பர் கோயில் பக்கம் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினேன்.

வடிவு, அதாவது என் மனைவி, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ராத்திரிச் சாப்பாட்டில் எண்களைச் சொன்னேன்.

“தோத்தவன் நம்புறான், சரி. ஜெயிச்சவன் ஏங்க நம்பல?” என்றாள்.

“அதுதானே கண்டுபிடிப்பு.”

“அது கண்டுபிடிப்பு இல்ல. அது கேள்வி.”

கணக்கு டீச்சர்களுக்குச் சமூக அறிவியல் புரியாது. ரசம் நன்றாக இருந்தது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பல்கலைக்கழகத்தில் கொடியேற்றம். துறைத்தலைவர் பேச்சில் ‘நமது துறையின் சாதனைகள்’ என்று சொல்லி என்னைத் தவிர எல்லோரையும் சொன்னார். சொல்லட்டும். இன்னும் பதின்மூன்று நாள்.

அங்கிருந்து அப்படியே, வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், நெஞ்சில் கொடியோடு காரை எடுத்துக்கொண்டு புளியங்கரைக்குப் போனேன். மாநாட்டில் காட்டப் படங்கள் வேண்டும். அந்த ஊர் எனக்குக் கொடுத்த வரவேற்பை எழுத வார்த்தை கிடையாது. கார் நின்றதும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். கல்விக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது!

ஊர்க் கமிட்டித் தலைவர் வெயிலுமுத்து ஓடி வந்தார். அறுபது வயதிருக்கும், கனத்த மீசை.

“வாங்க சார், வாங்க. அன்னைக்கு வந்துட்டுப் போன பிள்ளைகளுக்குப் பொறவால பெரியவாளும் வருவீயன்னு நெனைச்சோம்.”

“பிள்ளைகள் எப்படி நடந்துகொண்டார்கள்?”

“தங்கமான பிள்ளைக. எல்லாம் வெள்ளையும் கறுப்புமா, கையில ஃபைலோட, பார்க்கவே ஒரு இதுவா இருந்திச்சு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. போன தடவை மாணவர்கள் டீ-சர்ட்டில் களத்துக்குப் போனதாகத் துறைத்தலைவர் குறை சொன்னார். அதனால்தான் இந்தத் தடவை உடையைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

ஊர்ச் சாவடிக்கு அழைத்துப் போனார். அங்கே நான் கண்டது! சுவரில் தீர்ப்பின் முதல் பக்கம். லேமினேட் செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் போட்டிருக்கிறார்கள். தங்களைத் தோற்கடித்த தீர்ப்புக்கு மாலை! ஒன்பது படம் எடுத்தேன். அவசரத்தில் நான்குதான் தேறியது.

“இந்தத் தீர்ப்பு உங்களுக்கு எதிரானது. வருத்தம் இல்லையா?” என்று கேட்டேன்.

“வருத்தமா? எங்களுக்கா?” வெயிலுமுத்து சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “யாருல வருத்தப்பட்டது?” எல்லோரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். “கோர்ட்டுன்னா எங்களுக்கு உசுரு சார். வாகைமேட்டுக்காரன் ஏதாச்சும் சொன்னானா?”

“அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.”

“பார்த்தீயளா! அவன் புத்தி அது. அதை எழுதிக்கோங்க சார்.”

பிறகு மெதுவாகக் கேட்டார்: “அன்னைக்குக் கையெழுத்து வாங்கிட்டுப் போனாவளே, அது டெல்லிக்குப் போயிருச்சா?”

ஆய்வுக்குச் சம்மதம் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இப்போது விதி. அதைத்தான் கேட்கிறார். “இல்லை இல்லை, என் அறையில் பூட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் ரகசியம். அடுத்த மாதம்தான் பெரிய இடத்தில் சமர்ப்பிக்கிறேன். உங்கள் ஊர்ப் பெயர் கட்டாயம் வரும்,” என்று உறுதி கொடுத்தேன். அவர் சாவடித் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எளிய மனிதர், மகிழ்ச்சியைத் தாங்கமாட்டாமல் வியர்த்துவிட்டது.

மதகையும் படம் எடுக்க வேண்டும் என்றேன். ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பேசினார்கள். வழியெல்லாம் முள், பாம்பு அடைந்து கிடக்கிறது, அடுத்த வாரம் வந்தால் சுத்தம் செய்து வைக்கிறோம் என்றார்கள். என் பாதுகாப்பில் இத்தனை அக்கறை காட்டிய கூட்டம் வேறு எங்கும் உண்டா? என் துறையில் நான் மாடிப்படியில் வழுக்கி விழுந்தபோது ஒருவன் தாண்டிப் போனான்.

வெயிலுமுத்துவின் மனைவி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி மூன்று தடவை வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 27, திங்கள்

தீர்ப்புக்குச் சந்தனம் என்பதற்குத் தனி அத்தியாயம். எழுத எழுதக் கை முன்னால் ஓடுகிறது.

ஜனவரி 30, வியாழன்

சாயங்காலம் வெயிலுமுத்து போன் செய்தார்.

“சார், ஷட்டரை முழுசாத் திறந்துட்டோம். சக்கரத்துல எட்டுச் சுத்து. துருப்பிடிச்சு இறுகிப் போய்க் கெடந்தது. கிரீஸ் போட்டு, நாலு பேரு தொங்கித் திருக்கி, இன்னைக்குத்தான் அசைஞ்சிச்சு. பெரிய எடத்துல சமர்ப்பிக்கையில இதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.”

“எந்த ஷட்டர்?”

“மதகு ஷட்டர்தான் சார். கோர்ட்டு தெறக்கச் சொல்லிச்சுல்லா.”

“அது ஏப்ரலிலேயே சொன்னதல்லவா?”

“தாமதம்தான் சார். மனசுல வச்சுக்காதீய. ஒங்க ஆபீஸ்ல கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. ஒரு பொம்பளப் பிள்ளை நோட்டுல எழுதிக்கிட்டே இருந்திச்சே, அதுட்டயும் சொல்லிருங்க.”

போனை வைத்தேன். வடிவு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

“வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், கையில ஃபைல். வாசல்ல நின்னு என்ன சொல்லச் சொன்னீங்க?”

“சுப்ரீம் கோர்ட் தொடர்பாகச் சில கேள்விகள் கேட்க வந்திருக்கிறோம்.”

“அப்புறம் கையெழுத்து வேற. போன வேன்?”

“வாடகை வேன்தான். போன தேர்தலுக்கு ஓடிய வண்டி. முன்கண்ணாடியில் ‘அரசுப் பணி’ என்று ஒட்டியிருந்ததைக் கிழிக்காமல்…”

அவள் என்னை முடிக்கவிடவில்லை. சிரிக்கத் தொடங்கியவள் விடைத்தாளில் தலையைச் சாய்த்துவிட்டாள். “என் வீட்டு வாசல்ல வந்து நின்னிருந்தா நான் நூத்துக்கு நூறு போட்டிருப்பேன்!” என்று மட்டும் சொன்னாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஜெயிச்சவன் ஏன் நம்பலன்னு இப்ப தெரியுதா? கோர்ட்டுல ஜெயிச்சும் ஒரு சொட்டுத் தண்ணி வரல, பாவம்!” என்றாள்.

தீர்ப்பைப் பதினேழு முறை படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி. மதகு திறந்திருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை வரலாற்றாசிரியருக்காக எழுதிவைக்கிறேன். ஒன்பது மாதமாகக் கலெக்டராலும் தாசில்தாராலும் நடக்காத காரியம். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை நிறைவேற்றியது என் கேள்வித்தாள்!

பிப்ரவரி 1, சனி

வாகைமேட்டிலிருந்து நான்கு விவசாயிகள் ஒரு வாழைத்தாரோடு வந்தார்கள். விலாசத்தை எப்படிப் பிடித்தார்களோ. தண்ணீர் கடைமடை வரை போய்ச்சேர்ந்துவிட்டதாம். மழையை நம்பி வளர்ந்த நெல் பால் பிடிக்கிற நேரமாம். இன்னும் இருபது நாள் தண்ணீர் வந்தால் போதும், பிசானப் பயிர் பிழைத்துவிடும், நின்றுபோனால் எல்லாம் பதர் என்றார்கள்.

“நான் கோர்ட் ஆள் இல்லை. பேராசிரியர்.”

“தெரியும் சார்,” என்றார் ஒருவர், கண்ணைச் சிமிட்டி. “நாங்க யார்ட்டயும் சொல்லமாட்டோம்.”

என்ன தெரியும் என்று கேட்கவில்லை. வாழைப்பழம் நல்ல ருசி.

பிப்ரவரி 4, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன்.

கட்டுரையை அப்படியே படிக்கலாம். தொண்ணூற்றாறு, நாற்பத்தொன்று, மாலை போட்ட தீர்ப்பு. ஞானதாஸ் தொலைவான். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், வடிவுக்குத் தெரியும். எனக்குத் தெரிவதை நான் சமாளித்துக்கொள்வேன்.

நடந்ததை நடந்தபடி சொல்லலாம். மாநாட்டுக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். ‘கோர்ட் ஆள் என்று நினைத்து மதகைத் திறந்த கிராமம்’ என்று மறுநாள் பேப்பரில் வரும். அதற்கு மறுநாள் ஷட்டர் இறங்கும். வாகைமேடு பதராகும்.

பதினான்கு வருஷம் காத்திருந்து ஒரு கத்தி கிடைத்தது, அதற்குப் பிடியே இல்லை.

பிப்ரவரி 8, சனி. சென்னை

ஞானதாஸுக்கு முடி கொட்டிவிட்டது. இந்த நாளின் முதல் நல்ல செய்தி.

அமர்வில் என்னைப் பற்றி நான்கு நிமிஷம் பேசினான். ‘இந்தத் துறையில் என்னைவிடக் கூர்மையாகக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே ஆள்’ என்றான். நடிக்கிறான். மைக்கைச் சரிசெய்து கொடுத்தான். முன்னால் இருநூறு பேர். நான் எழுந்து, “என் தரவுகளில் பிழை இருக்கிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். நேரத்தை வீணாக்கியதற்கு வருந்துகிறேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் துறைத்தலைவர் மூன்றாம் வரிசையில் புன்னகைத்ததைப் பார்த்தேன். குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஞானதாஸ் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனான்.

“எலே ஆவுடை, என்ன மக்கா ஆச்சு? கட்டுரைச் சுருக்கத்தைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாளாத் தூங்கல. என் கிணத்துல பாறாங்கல்லு போட்டிருந்தியே!”

ரெண்டு நாளாகத் தூங்கவில்லை! இதைக் கேட்ட சந்தோஷத்தில்தான் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. சட்டை, பேண்ட், வேன், கையெழுத்து, சந்தனம், கோழிக்குழம்பு, எட்டுச் சுற்று, எல்லாம் சொன்னேன். ‘எல்லாம் ரகசியம்’ என்று நான் வெயிலுமுத்துவுக்கு உறுதி கொடுத்த இடத்தில் காபி அவன் மூக்கு வழியாக வந்தது. பக்கத்து மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து, திடீரென்று என் பக்கம் குனிந்தான்.

“மக்கா, என் புத்தகத்துக்கு வீடு வீடாப் போனது யாரு தெரியுமா?”

“யாரு?”

“சட்டக் கல்லூரிப் பையனுக. எழுபது பேரு. கறுப்புக் கோட்டோட.”

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஞானதாஸின் கிணறு, பதினான்கு வருஷம், அத்தனை விமானம்! என் வாழ்நாளில் இவ்வளவு சிரித்ததில்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் கொஞ்சம் உறுத்தியது. எதிரி தோற்கும்போது எதிரி அழ வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு. ரயிலில்

ஞானதாஸ் எதிர் இருக்கையில் இருக்கிறான். நாகர்கோவிலில் ஏதோ வேலையாம், வழியில் திருநெல்வேலியில் இரண்டு நாள் இறங்கிக்கொள்கிறானாம். என்ன வேலை என்று கேட்டால் இரண்டு தடவை இரண்டு வேலை சொன்னான்.

“புத்தகம் எழுதறதுக்கு முன்னால உனக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன். எடுத்தியா நீ?”

“உன் மேல் கோபமாக இருந்தேன்.”

“புத்தகம் வரதுக்கு முன்னாலயேவா?”

“முன்கூட்டியே.”

விழுப்புரம் வரை பேசவில்லை. விழுப்புரத்தில் அவன் வாங்கிய வடையில் பாதி எனக்கு வந்தது. விருத்தாசலத்தில் பேச்சு ஆரம்பித்தது, திண்டுக்கல் தாண்டியும் ஓயவில்லை. அவன் சொல்கிறான், இப்போது போய் ‘நாங்கள் கோர்ட் இல்லை’ என்று சொன்னால் புளியங்கரை ஷட்டரை மூடுமா மூடாதா, அதுதான் நம்பிக்கைக்கு உண்மையான அளவு என்று. பயம் போன பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் கோர்ட்டின் சொத்தாம்.

“மூடிவிட்டால்? வாகைமேட்டுப் பயிருக்கு உன் கிணற்றிலிருந்தா தண்ணீர் விடுவாய்?”

“அறுப்பு முடிஞ்சு சொன்னா, மூடினா என்ன திறந்தா என்ன? அது சோதனையா மக்கா?”

“பயிரை வைத்துச் சோதனை செய்ய நான் தயாரில்லை.”

“நான் மட்டும் தயாரா? கேள்வியைச் சொன்னேன்.”

கேள்வி நல்ல கேள்வி. அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் வெயிலுமுத்து போன். குரல் கம்மியிருந்தது.

“சார், வீட்டுக்கு ஒரு ஆளுன்னு முறை வச்சு மதகைக் காவல் காக்கோம். எவனாச்சும் எறக்கிட்டா பழி ஊர் மேல வந்துரும்லா. என் மச்சினனுக்குப் பனியில காய்ச்சல் கண்டுட்டு. இன்னும் எத்தனை நாளைக்குக் காக்கணும்னு கேட்டுச் சொல்லுதீயளா?”

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யாரிடம் கேட்பது?

இரண்டு கவளம்தான் இறங்கியது. ஞானதாஸும் தட்டைத் தள்ளிவைத்தான். வடிவு இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு, “நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க, ரெண்டு பேரும்,” என்றாள். நாளைக்கு முடியாது, எனக்கு வகுப்பு இருக்கிறது. புதன் போகலாம் என்றேன். வகுப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 12, புதன்

நான் கட்டம் போட்ட சட்டை, ஞானதாஸ் பூப்போட்ட சட்டை. அவன் அதை நேற்றுத்தான் வாங்கினான்.

சாவடியில் ஊரே கூடியிருந்தது. நின்றுகொண்டே சொன்னேன். நாங்கள் கோர்ட்டிலிருந்து வரவில்லை, வந்த பிள்ளைகள் மாணவர்கள், கையெழுத்துகள் எங்கும் போகாது, உங்கள் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க எங்களால் முடியாது. காவல் காக்க வேண்டாம். தவறு என்னுடையது.

முன்வரிசைக்காரர்கள் எங்கள் சட்டைகளைப் பார்த்தார்கள்.

“அப்ப நீங்க கோர்ட்டு இல்லியா?” என்றார் வெயிலுமுத்து.

“இல்லை.”

“வாத்தியாரா?”

“ஆமாம்.”

“இவாளும் வாத்தியாரா?”

“ஆமா அண்ணாச்சி,” என்றான் ஞானதாஸ். “இவனாவது ஒரு ஊரைத்தான் பயமுறுத்தினான். நான் எம்பது ஊரு.”

பின்வரிசையில் ஒருவன் கெக்கென்று சிரித்தான். வெயிலுமுத்துவின் மனைவி எழுந்து நின்று, “அட பாவி மனுசா, முட்டை இடுத கோழியில்லா அடிச்சேன் ஒமக்கு!” என்றார். அவ்வளவுதான், சாவடி அதிர்ந்தது. சிரித்தார்கள், திட்டினார்கள், என் தாத்தா வரைக்கும் போனார்கள். காய்ச்சல்கார மச்சினன் போர்வையோடு வந்து என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுப் போனான். வெயிலுமுத்து மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதகை நோக்கி நடந்தார். ஊர் பின்னால் போனது. நாங்களும் போனோம். முள்ளும் இல்லை, பாம்பும் இல்லை. நல்ல சிமென்ட் பாதை.

அவர் சக்கரத்தைப் பிடித்தார். இரண்டு பேர் கைகொடுத்தார்கள். ஒரு சுற்று இறங்கியது. என் பக்கத்தில் ஞானதாஸ் என் கையைப் பிடித்திருந்தான், வலித்தது. இரண்டு. தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. மூன்று.

“போதும்யா,” என்றது ஒரு குரல்.

“ஏம்ல போதும்? அவனுக்கு எதுக்கு விடணும்?”

“அவன் நெல்லும் பால் பிடிச்சுல்லா நிக்கி. நேத்து ராத்திரி காவல் இருக்கையில பார்த்தேன். வயலு பூரா மணம்.”

“கேஸ்ல தோத்தது நெசந்தானே மாமா,” என்றான் இன்னொருவன். “அதுக்கு மாலை வேற போட்டு வச்சிருக்கோம்.”

“அது இந்தாளுக்குப் பயந்து போட்டது!”

“போட்டதைக் கழத்தவா போறீரு?”

சண்டை நெடுநேரம் நடந்தது. யார் யாருடைய கட்சி என்று கடைசி வரை பிடிபடவில்லை. வெயிலுமுத்து சக்கரத்தில் கைவைத்தபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்தார்.

“அஞ்சு சுத்து நிக்கி. நிக்கட்டும்,” என்றார். என்னிடம் திரும்பி, “இது கோர்ட்டுக்குப் பயந்தும் இல்ல, ஒமக்குப் பயந்தும் இல்ல. கேட்டேரா? எழுதிக்கிடும்,” என்றார். ‘சார்’ போய்விட்டது.

வாழைத்தார் கொண்டுவந்த வாகைமேட்டுக்காரர் ஒருவரிடம் போனில் கேட்டேன். ஐந்து சுற்றுத் தண்ணீரில் கடைமடை கொஞ்சம் திணறும், ஆனால் பயிர் தப்பிவிடும் என்றார்.

திரும்பும் வழியில் ஞானதாஸ், அந்த ஐந்து சுற்றுதான் கிணறு, இறங்கிய மூன்று பயம், தன் கொள்கை நிரூபணமாகிவிட்டது என்றான். கிணறாவது மண்ணாவது, அது பக்கத்து ஊர் நெல்லின் மணம், கோர்ட்டுக்கு அதில் ஒரு சுற்றுக்கூடச் சேராது என்றேன். மாலையை யாரும் கழற்றவில்லையே என்றான். காரை ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சண்டை போட்டோம். இந்த ஆளோடு மனுஷன் பேச முடியாது. வீட்டு வாசலில் நிறுத்தியும் முக்கால் மணி நேரம் இறங்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஞானதாஸ் நாகர்கோவில் ரயிலை விட்டுவிட்டான். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம்தான், நான்தான் கொண்டுவிடப் போனேன். வழியில் டீ குடிக்கலாம் என்று யார் சொன்னது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. இப்போது கூடத்தில் உட்கார்ந்து, அந்த ஐந்து சுற்றைப் பற்றி எனக்குப் பிடிக்காத எதையோ எழுதிக்கொண்டிருக்கிறான்.

மத்தியானம் மனசு கேட்காமல் வெயிலுமுத்துவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் ஒரு நல்ல வசவு. அது முடிந்த பிறகு கேட்டேன்.

“ஷட்டர்?”

“அஞ்சுதான். நேத்து வச்ச எடத்துலயே நிக்கி.”

“காவலுக்கு யார் இருக்கிறார்கள்?”

“காவலா?” என்றார். “எதுக்கு?”